கிழிக்க முதல் கேளுங்கள்

வீடு வாங்கிய தமிழ்க் குடும்பம் சாவி கையில் வந்ததும் முதலில் என்ன செய்யும்? என் அனுபவத்தில், நிலம் மாற்றும். பழைய காபெட் மணக்கிறது, யாரோ நடந்த காபெட், யாருடைய நாயோ படுத்த காபெட். அதை எடுத்துவிட்டு லமினேட்டோ ஹார்ட்வுட்டோ போட்டால்தான் அது எங்கள் வீடு. இந்த ஆசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அப்படித்தான்.

என் பிரச்சினை வேறு. புது நிலத்துக்காக நாங்கள் நாலு கடை ஏறி இறங்குவோம். மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு லைட்டில் ஒருமுறை வைத்துப் பார்ப்போம். ஒரு சதுர அடிக்கு முப்பது சதம் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் பேரம் பேசுவோம். ஆனால் பழைய நிலத்தைக் கழற்றுவதற்கு எங்களிடம் இருக்கிற திட்டம் ஒரே ஒரு வசனம்தான்: "அது பரவாயில்லை, சனிக்கிழமை பெடியள் வந்து கிழிப்பாங்கள்."

அந்தப் பெடியள் நீங்கள்தான். மாமாவின் வீடு, சித்தியின் வீடு, அப்பாவோடு வேலை செய்கிற அங்கிளின் வீடு என்று எங்கேயாவது ஒரு சனிக்கிழமை உங்கள் கையிலும் ஒரு சுத்தியல் தந்திருப்பார்கள். பீட்சா வாங்கித் தந்திருப்பார்கள். உதவி செய்வது நல்ல விஷயம், அதை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நிலம் போடுகிற வேலையில் கழற்றுகிற பகுதிதான் கவனமாக யோசிக்கவேண்டிய பகுதி. அதை நாங்கள் ஆகக் குறைவாக யோசிக்கிறோம். யோசிக்காததன் விலையை, வீட்டுக்காரரை விட, கிழிக்கிறவர்தான் கட்டவேண்டி வரும்.

ஒரு வீட்டில் எத்தனை நிலம்?

எங்கள் அப்பா அம்மாவுக்கு இது ஏன் சின்ன விஷயமாகத் தெரிகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் அவர்கள் வளர்ந்த வீட்டில் நிலம் என்றால் சாணம் மெழுகினது, இல்லையென்றால் சீமெந்து. சீமெந்து ஒருமுறை போட்டால் போட்டதுதான். வெடித்தால் பூசுவார்கள். அதற்குக் கீழே மண்தான். நிலத்துக்குள் வேறு ஒரு நிலம் ஒளிந்திருக்கும் என்ற எண்ணமே அங்கே வராது.

இங்கே அப்படியில்லை. நான் ரொறன்ரோப் பக்கத்தைப் பற்றித்தான் கதைக்கிறேன், எனக்குத் தெரிந்த வீடுகள் இவைதான். 1950களிலும் 60களிலும் கட்டிய ஒரு ஸ்காபரோ பங்களோவை எடுங்கள். குசினியில் மேலே இருப்பது சில வருடங்களுக்கு முன் போட்ட லமினேட். அதற்குக் கீழே ஒரு வைனைல் சீற், எங்கள் ஆட்கள் லினோலியம் என்று சொல்வது. அதற்குக் கீழே மெல்லிய பலகை ஒன்று. அதற்கும் கீழே 9 அங்குலச் சதுரத்தில் சின்னச் சின்ன டைல்கள், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசை. கடைசியில்தான் வீட்டோடு பிறந்த அடிப்பலகை. அறுபது வருடத்தில் வந்துபோன ஒவ்வொரு குடும்பமும் முந்தினதைக் கழற்றப் பஞ்சிப்பட்டு மேலே ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். பெரிய நிறுவனங்களின் பழைய சிஸ்டங்களைப் புதிதாக மாற்றுவதுதான் என் தொழில். இந்தக் குசினியைப் பார்த்தால் எனக்கு அலுவலகம்தான் ஞாபகம் வரும். யாரோ எழுதியதன் மேல் யாரோ எழுதி, அதன் மேல் இன்னொருவர் எழுதி, கீழே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் முதல் நாளே எதையும் அழிக்க மாட்டோம். முதல் இரண்டு மூன்று கிழமை, என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது மட்டும்தான் வேலை. அதற்குக் காசும் வாங்குவோம். வீட்டு நிலத்துக்கு அந்தப் பட்டியல் போட ஒரு மணித்தியாலம் போதும். ஹீட்டர் காற்று வருகிற துவாரத்தின் மூடியைத் தூக்கி அதன் ஓரத்தைப் பாருங்கள். வெட்டிய கேக் மாதிரி எத்தனை அடுக்கு என்று அங்கே தெரியும். அலுமாரிக்குள் ஒரு மூலையில் காபெட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். அவ்வளவுதான்.

எடுக்கத்தான் வேண்டுமா?

"மேலேயே போட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சில நேரம் போடலாம், சில நேரம் போடவே கூடாது.

காபெட்டின் மேல் லமினேட் போடவே கூடாது. லமினேட் பலகைகள் ஒன்றோடொன்று கொழுவித்தான் நிற்கின்றன. கீழே மெத்தை மாதிரி இருந்தால் ஒவ்வொரு காலடிக்கும் அந்தக் கொழுவி வளைந்து, கொஞ்ச நாளில் உடைந்துவிடும். பிறகு இடைவெளி, சத்தம், சண்டை. பல கம்பனிகள் தங்கள் லமினேட்டுக்குக் கேட்பது 10 அடி நீளத்துக்கு 3/16 அங்குலத்துக்கு மேல் மேடு பள்ளம் இல்லாத தளம். அதாவது 3 மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் அளவு. அது இல்லாவிட்டால் பெட்டியில் எழுதியிருக்கிற 25 வருட உத்தரவாதத்துக்கு அர்த்தமில்லை.

உயரம் இன்னொரு பிரச்சினை. குசினியில் டிஷ்வொஷருக்கு முன்னால் புது நிலம் அரை அங்குலம் உயர்ந்துவிட்டால், அது பழுதாகும் நாளில் வெளியே இழுக்க முடியாது. மேலே மேசைக்கல், முன்னால் உயர்ந்த நிலம், நடுவில் சிக்கிய மெஷின். அதைவிட முக்கியம் படிக்கட்டு. மேல்மாடியில் நிலம் உயர்ந்தால் கடைசிப் படி மட்டும் உயரமாகும். கீழே உயர்ந்தால் முதல் படி குட்டையாகும். கனடாவின் கட்டடக் கோவையில் அடுத்தடுத்த இரண்டு படிகளின் உயரம் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்று இருக்கிறது. அது சும்மா எழுதியதல்ல. கால் படிகளை எண்ணுவதில்லை, உயரத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. இரவில் தண்ணி குடிக்க இறங்குகிற அம்மம்மாவின் கால் அந்த அரை அங்குலத்தில்தான் தடுக்கும்.

எடுத்தால் இலாபமும் உண்டு. நடக்கும்போது கிறீச்சிடுகிற அடிப்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஸ்க்ரூ பண்ண இதுதான் ஒரே சந்தர்ப்பம். பேஸ்மென்ட்டில் கொங்கிறீட் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு பிளாஸ்ரிக் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் ஈரம் பூத்திருந்தால், அல்லது கொங்கிறீட் கறுத்திருந்தால், முதலில் அதைப் பாருங்கள், நிலம் பிறகு. சில வேளை அதிர்ஷ்டமும் அடிக்கும். பழைய பங்களோக்களில் காபெட்டுக்குக் கீழே ஓக் ஹார்ட்வுட் அப்படியே கிடப்பது புதினமில்லை. நல்ல மரத்தை மூடி வைத்திருந்தார்கள். அதைத் தேய்த்து மினுக்கினால் கடையில் வாங்குவதை விட நல்ல நிலம் கிடைக்கும்.

ஆகவே "எல்லாத்தையும் கிழிச்சு எறி" என்பதும் பிழை, "ஒண்டையும் தொடாத, மேல போடு" என்பதும் பிழை. கீழே என்ன என்று பார்த்த பிறகுதான் முடிவு. இதுவரை சொன்னவற்றில் பிழைத்தால் காசு போகும், தலையிடி வரும். அடுத்தது அப்படியில்லை.

அந்த 9 அங்குல டைல்

1980களின் நடுப்பகுதிக்கு முன் போட்ட நிலங்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். 9 அங்குல டைல்கள் மிகவும் பேர் போனவை. 12 அங்குலத்திலும் இருக்கலாம். அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் இருக்கலாம். ஆகவும் மோசமானது வைனைல் சீற்றின் பின்பக்கம். பழைய சீற்கள் சிலவற்றில் அடியில் இருக்கிற சாம்பல் நிறக் கடதாசி மாதிரியான படை அஸ்பெஸ்டஸால் ஆனது. டைலில் நார்கள் வைனைலுக்குள் இறுகி இருக்கும். இந்தக் கடதாசியில் அப்படியில்லை. சீற்றைப் பிடித்து இழுத்தால் அது இரண்டாகப் பிரியும், நார் காற்றில் போகும். பார்வைக்குப் பாவம் போல இருக்கிற லினோலியம்தான் கவனிக்கவேண்டிய ஆள்.

கண்ணால் பார்த்து இதில் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். ஒன்ராறியோவில் கட்டட வேலைகளில் அஸ்பெஸ்டஸைக் கையாளத் தனியான ஒழுங்குவிதி உண்டு, 278/05 என்பது அதன் இலக்கம். ஒரு பொருளின் எடையில் 0.5 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது அஸ்பெஸ்டஸ் உள்ள பொருள் என்று அது சொல்கிறது.

பயப்படுத்துவது என் நோக்கமல்ல, எனவே சரியாகவே சொல்கிறேன். உடையாமல், நல்ல நிலையில் நிலத்தில் ஒட்டிக் கிடக்கிற டைல் உங்களை ஒன்றும் செய்யாது. அதன் மேல் நடக்கலாம், பிள்ளை தவழலாம். அதை உடைக்கும்போது, இயந்திரம் வைத்துத் தேய்க்கும்போது, பசையைக் காய்ந்தபடியே சுரண்டும்போதுதான் நார்கள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை, மணக்காது, இருமல் வராது. நுரையீரலுக்குள் போனால் எல்லாம் வெளியே வருவதில்லை. நுரையீரல் புற்றுநோயும், மெசோதெலியோமா என்கிற நுரையீரல் உறைப் புற்றுநோயும் இதனால் வரும். வர 20 வருடம் எடுக்கலாம், 50 வருடமும் எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் தருபவை என்ற முதலாவது பட்டியலில் வைத்திருக்கிறது. புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு கூடும்.

ஒரு சனிக்கிழமை ஒருமுறை செய்ததால் வருத்தம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை பட்டதால் வருகிற ஆபத்து சிறியது. எவ்வளவு நார், எத்தனை முறை என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் யார் அதிகம் சிக்குகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கனடாவைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நீண்ட காலம் உலகத்துக்கே அஸ்பெஸ்டஸ் தோண்டி விற்ற நாடு இது. கியூபெக்கில் ஒரு ஊருக்குப் பெயரே அஸ்பெஸ்டஸ். 2020இல்தான் ஊரார் வாக்களித்து வால்-டெ-சூர்ஸ் என்று மாற்றினார்கள். நாடு முழுவதும் தடை வந்தது 2018இல். பிரித்தானியாவில் 1999, பிரான்ஸில் 1997, ஜேர்மனியில் 1993, ஆஸ்திரேலியாவில் 2003ஆம் ஆண்டின் கடைசி நாள். இலண்டனில் இருந்து வாசிப்பவர்களுக்கு: 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய எந்தக் கட்டடத்திலும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். தடை என்றால் இனிமேல் விற்கக் கூடாது என்றுதான் அர்த்தம். ஏற்கெனவே வீட்டில் ஒட்டியதை யாரும் வந்து எடுத்துப் போகவில்லை.

"அதுக்குக் கீழதானே வளர்ந்தம்"

இதை வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "அஸ்பெஸ்டஸோ? ஊரில எங்கட கூரையே அதுதான். அதுக்குக் கீழதானே படுத்து எழும்பி வளர்ந்தம். எங்களுக்கு என்ன வந்தது?"

இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இலங்கையில் அஸ்பெஸ்டஸ் சீற் இன்றைக்கும் சாதாரணக் கூரைதான். ஓட்டை விட மலிவு, கெதியாகப் போடலாம். எங்கள் பெற்றோருக்கு அந்தச் சொல் ஒரு நோயின் பெயராக இல்லை, ஒரு கூரையின் பெயராகத்தான் தெரியும். அதோடு, அவர்கள் ஷெல்லுக்குள்ளால் ஓடி வந்தவர்கள். பழைய டைலுக்குப் பயப்படு என்று சொன்னால் அவர்களுக்கு அது பகிடி மாதிரித்தான் இருக்கும்.

நான் கொடுக்கிற பதில் இது. கூரை தலைக்கு மேல் சும்மா இருந்தது. அதை யாரும் மூடின அறைக்குள் வைத்து, யன்னல் சாத்தி, ஹீட்டர் ஓட ஓட சுத்தியலால் அடித்து நொறுக்கவில்லை. கனடாவில் மாசி மாதம் பேஸ்மென்ட்டில் நடப்பது அதுதான். கூரைக்குக் கீழ் இருப்பதும் நிலத்தை உடைப்பதும் ஒன்றல்ல. அங்கேயும் அந்தச் சீற்றை வெட்டி, துளைத்து வேலை செய்த ஆட்களுக்கு ஆபத்து இருந்திருக்கிறது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "எங்களுக்கு என்ன வந்தது" என்று கேட்பவர் படுத்து எழும்பியவர், வெட்டியவர் அல்ல.

இப்படி அமைதியாகச் சொன்னால் அப்பாமார் கேட்கிறார்கள். "உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று தொடங்கினால் கேட்க மாட்டார்கள்.

யார் அந்தத் தூசியைக் குடிப்பது?

இப்போது எனக்கு உறுத்துகிற இடம்.

எங்கள் சமூகத்தில் நிலம் போடுகிற வேலையைக் குறைந்த விலைக்குச் செய்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். நல்லாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் விலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிலம் போட இவ்வளவு, ஓரச் சட்டத்துக்கு இவ்வளவு, படிக்கு இவ்வளவு என்று இருக்கும். பழையதைக் கழற்றுவதற்கு ஆகக் குறைந்த தொகை இருக்கும், இல்லாவிட்டால் "அது ஃப்ரீயா செய்து தாறம்" என்று இருக்கும். ஒரு வேலை எப்படி இலவசமாகும்? யாரோ ஒருவருடைய நாள் மலிவாக இருந்தால்தான்.

அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் புதிதாக வந்தவர். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர். படிக்க வந்து வாடகை கட்டத் திணறுகிற தம்பி. கையில் காசு, கேள்வி இல்லை. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு இன்னொரு வீடு. நீங்கள் வருடத்தில் ஒருநாள் செய்வதை அவர் கிழமைக்கு நாலு நாள் செய்கிறார். முகத்தில் சாதாரண மாஸ்க் இருந்தாலே பெரிய விஷயம். அஸ்பெஸ்டஸ் மட்டுமல்ல, செராமிக் டைலையும் அதன் கீழ் உள்ள சீமெந்தையும் உடைக்கும்போது வருகிற சிலிக்காத் தூசியும் நுரையீரலை அரிக்கிறது. அதுவும் அதே முதலாவது பட்டியலில்தான் இருக்கிறது.

வருத்தம் முப்பது வருடம் கழித்து வந்தால் அவர் எங்கே போய் என்ன சொல்வார்? எந்த வீடு, எந்த வருடம், யாருக்கு வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. காசாகக் கொடுத்த நாளுக்குப் பதிவு இல்லை. குறைந்த விலை என்று நாங்கள் சந்தோஷப்பட்ட தொகையின் மிச்சத்தை அவர் பின்னால் கட்டுகிறார்.

ஒன்ராறியோச் சட்டத்தில் தொழிலாளிக்கு மூன்று உரிமைகள் உண்டு: ஆபத்து என்ன என்று அறிகிற உரிமை, பாதுகாப்பு விஷயங்களில் பங்கெடுக்கிற உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமை. மறுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. மாணவர் விசாவில் இருந்தாலும் இந்த உரிமை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியோ தங்கையோ இப்படி வேலைக்குப் போனால் இதைத் தமிழில் விளங்கப்படுத்துங்கள். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சட்டத்தை வாசிக்கிறது சுலபம். அந்தச் சுலபத்தைப் பகிர்வதுதான் உதவி.

இன்னொன்று. வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில் தானே செய்கிற வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது நீங்களும் மச்சானும் மாமாவும் சேர்ந்து கிழிக்கிற சனிக்கிழமைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அங்கே உங்களைப் பார்க்க ஆள் நீங்கள்தான்.

குடிபூரல் திகதியை வைத்து நிலத்தைக் கிழிக்காதீர்கள்

ஏன் இந்த அவசரம் என்று யோசித்திருக்கிறேன். காசு ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் நாட்காட்டி. சாவி கிடைக்கிறது வெள்ளிக்கிழமை. ஐயர் பார்த்துச் சொன்ன நல்ல நாள் இரண்டு கிழமையில். அதற்குள் கிழித்து, போட்டு, பெயின்ற் அடித்து, சாமான் ஏற்றி, பால் காய்ச்ச வேண்டும். நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. இந்த நிலைமையில் "ஆய்வுகூடத்துக்கு அனுப்பி நாலு நாள் பார்ப்பம்" என்று யார் சொல்வார்கள்?

என் கருத்து: பால் காய்ச்சுவதற்குப் புது நிலம் தேவையில்லை. பழைய நிலத்திலேயே நல்ல நேரத்துக்குப் பாலைக் காய்ச்சுங்கள், சாமிப்படம் வையுங்கள், தேவாரம் பாடுங்கள். ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பதை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். ஐயருக்கும் குறையில்லை, சாமிக்கும் குறையில்லை. பழைய வாடகை வீட்டை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருப்பது செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவை வீடு வாங்குகிற கணக்கிலேயே முதலில் சேர்த்தால் அது அதிர்ச்சியாக வராது.

அந்த மாதத்தில் செய்யவேண்டியது அதிகமில்லை. வீடு கட்டிய வருடத்தைப் பாருங்கள். 1990க்குப் பிறகு கட்டிய மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் வீடு என்றால் அஸ்பெஸ்டஸ் கவலை பெரிதாக இல்லை. மாஸ்க், கையுறை, நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு காபெட்டை மூன்றடித் துண்டுகளாக வெட்டிச் சுருட்டுங்கள். ஓரத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிற பலகைத் துண்டுகளில் கால் வைக்காதீர்கள். ஸ்டேப்பிள்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்குங்கள். அந்த வேலை பெடியளுக்குத் தாராளமாகத் தரலாம், பீட்சாவோடு.

1990க்கு முன் கட்டியது, கீழே டைலோ பழைய வைனைலோ கறுப்புப் பசையோ தெரிகிறது என்றால் நிறுத்துங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும், பசைக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். வீட்டின் மொத்தச் செலவில் அது ஒரு கடுகு. வீடு வாங்கும்போது பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் பொதுவாக இந்தச் சோதனையைச் செய்வதில்லை, "இன்ஸ்பெக்ஷன் செய்தாச்சு" என்று இருந்துவிடாதீர்கள்.

முடிவு இல்லை என்று வந்தால் கிழியுங்கள். இருக்கிறது என்று வந்தால் இரண்டு வழி. ஒன்று, அனுமதியும் பயிற்சியும் உள்ள ஆட்களை வைத்து எடுப்பது. அவர்கள் அறையைப் பிளாஸ்ரிக்கால் மூடுவார்கள், நனைத்து வேலை செய்வார்கள், குப்பையைத் தனியாகக் கட்டிக்கொண்டு போவார்கள். காசு கூடத்தான். மற்றது, டைல் உடையாமல் மட்டமாக இருந்தால் தொடாமல் விட்டு, அதன் மேல் ஆணி அடிக்காமல் கொழுவிப் போடுகிற மெல்லிய வைனைல் பலகையைப் போடுவது. இது கள்ள வழியல்ல, ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். 5 மில்லிமீற்றர் தடிப்பில் கிடைக்கிறது, டிஷ்வொஷரும் படியும் பெரும்பாலும் தப்பும்.

மூடினால் ஒன்று செய்ய வேண்டும். எழுதி வையுங்கள். எந்த அறையில், எந்த அடுக்கில், ஆய்வுகூட முடிவு என்ன என்று ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து, ஹீட்டர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். விற்கும்போது வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். பழைய சிஸ்டங்களில் வேலை செய்கிற எனக்கு ஆகக் கோபம் வருகிற விஷயம், தெரிந்திருந்தும் எழுதாமல் போன ஆட்கள்தான்.

காசு இல்லையே என்று சொல்கிறவர்களுக்கு என் பதில்: புது நிலத்தை ஒரு தரம் குறையுங்கள். மூன்று அறைக்குப் பதிலாக இந்த வருடம் ஒரு அறையைச் செய்யுங்கள். காபெட்டை நன்றாகக் கழுவி இன்னும் ஒரு வருடம் வைத்திருங்கள். வெட்கமில்லை. வருகிற ஆட்கள் நிலத்தைப் பார்த்து ஏதும் சொன்னால் சொல்லட்டும்.

அடுத்த முறை யாராவது "தம்பி, சனிக்கிழமை வந்து கொஞ்சம் கை குடுக்கிறியா" என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். அதோடு மூன்று கேள்வியும் கேளுங்கள். வீடு எப்ப கட்டினது, மாமா? கீழ என்ன இருக்கு எண்டு பார்த்தனீங்களா? சோதிச்ச தாள் இருக்கா? மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள். பதில் இல்லையென்றால், அண்டைக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையைத் தாங்கோ என்று சொல்லுங்கள்.